நாற்பத்தைந்து லிட்டர்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்
ஏலம் முடிந்து ஐஸ் உருகும் நேரம்.
விசைப்படகுகளுக்கு நடுவே
கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளிபோல
வெள்ளையாய் ஒரு பாய்மரப் படகு.
சொல்தா பென்ஷன் வாங்கும் சவரிராயன்
மேல்தளத்திலிருந்து கையசைத்தார்.
"கக்கூஸ் பம்பு இறுகிக் கிடக்கு, முசே.
அமுக்கினா போகமாட்டேங்குது,
விட்டா மேல வருது.
ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டார் வராங்க."

லாஸ்பேட்டையில் எத்தனை மாடி பார்த்தவன் நான்.
வீட்டில் பாதி வேலையைப்
பள்ளமே பார்த்துக்கொள்ளும்.
இங்கே பீங்கான் கிண்ணமே
கடல்மட்டத்துக்கு ஒரு சாண் தாழ.
கீழே என்று அனுப்ப ஓர் இடம் இல்லை.
அசந்தால்
கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அடிவால்வை மூடினேன்.
மூடினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

பம்பைப் பிரித்தேன்.
பிஸ்டன் ரப்பரில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம்,
யாரோ சொல்லிய கைவைத்தியம்.
அதற்கப்புறம் வாத்து அலகுபோல ஒரு வால்வு:
போனது திரும்பாதிருக்க.
அதன் உதடுகள் மூடவில்லை,
இடையில் சுண்ணாம்பு.
உப்புநீரும் மூத்திரமும் கூடினால் கல்லாகும்
என்பது அன்றுதான் தெரியும் எனக்கு.
குழாயைக் கழற்றிப்
படித்துறைச் சிமெண்டில் ஓங்கி அடித்தேன்.
கிளிஞ்சல் கிளிஞ்சலாய் உதிர்ந்தது.

நண்டுக் கூடை அமிர்தவல்லி
முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்:
"இத்தனை கருவாட்டுக்கு நடுவுல
ஒன் நாத்தம் தனியாத் தெரியுதுய்யா."

மாட்டினேன். பூட்டினேன்.
பம்பு அசையவில்லை.

"தொட்டியைத் திறந்து கடல்ல விட்டுட்டா என்ன?" என்றேன்.
சவரிராயன் என்னைப் பார்க்கவில்லை.
அமிர்தவல்லி பார்த்தாள்.
நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரம்.

படுக்கைக்கு அடியில் தொட்டி.
முட்டியால் தட்டினேன்:
மேல்பாதி வெற்றொலி.
நிறையாத தொட்டி ஏன் வாங்கமாட்டேன் என்கிறது?

தளத்து மூடியைக் கால் சுற்றுதான் திருப்பினேன்.
குக்கர் விசில்போல ஒன்று.
பிறகு என் சட்டை,
என் மீசை,
சவரிராயனின் வெள்ளைத் தொப்பி.
அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்,
மரியாதையான வார்த்தையாக இருக்க வழியில்லை.
ஆனால் உள்ளே போய்ப் பம்பைத் தொட்டால்
இரண்டு விரலுக்கு இறங்குகிறது!
நாலு அமுக்கு. மறுபடி இறுக்கம் தொடங்கியது.

அடைத்துக் கிடப்பது மலம் இல்லை.
காற்று.
நாற்பத்தைந்து லிட்டர் தொட்டிக்கு
உள்ளே ஒன்று வர
வெளியே ஒன்று போகவேண்டும்.
அந்த ஒன்றுக்கு வழி எங்கே?

ஒரு ஃபைபர் படகில் நின்று
பக்கவாட்டைத் தடவினேன்.
சுண்டுவிரல் நுழையும் துளை,
அதில் செம்மண் பூச்சு,
கொத்தனார் பூசியதுபோல வழவழவென்று.
மழைக்காலம் முழுக்கப் படகு கட்டிக் கிடந்ததாம்.
அவர் மகளைப் பார்க்க துலூஸ் போயிருந்தாராம்.

சைக்கிள் கம்பியால் நோண்டினேன்.
மண். பின் ஒரு சிலந்தி,
செத்ததும் இல்லை உயிரோடும் இல்லை.
இன்னொரு சிலந்தி.
கடைசியில் அரிசிபோல வெள்ளையாய் ஒரு புழு,
யாருக்கோ பிறந்து
இந்தக் காற்றிலேயே வளர்ந்தது.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
எதிர்ச் சுவரின் விரிசலில் வைத்தேன்.
அது பிழைக்காது. தெரியும்.

துளையிலிருந்து நீளமாய் ஒரு மூச்சு வந்தது.
முகத்தைத் திருப்பத் தோன்றவில்லை.

புது வால்வு போட்டு, துளைக்கு எவர்சில்வர் வலை கட்டி
கூலியை எண்ணி வாங்கினேன்.
தொப்பிக்கு இருநூறு கழித்திருந்தார்.

கிளம்பும்போது பார்த்தேன்:
வலைக்கு முன்னால் குளவி,
வாயில் ஈர மண் உருண்டை.
முட்டியது. சுற்றியது. மறுபடி முட்டியது.
பிறகு காற்றோடு ஒதுங்கி வந்து
என் ஸ்கூட்டரின் சாவித்துளை முன்னால்
கொஞ்சம் நின்று
அளவு பார்த்தது.