ஆறு சதவீதம் மிச்சம்

நீடாமங்கலம் கேட் சாத்தியிருக்கிறது.
சரக்கு வண்டிக்கு இஞ்சின் மாற்றுகிறார்கள்,
எப்படியும் இருபது நிமிடம்.
பைக் டேங்க் மேல் மடிக்கணினியைத் திறக்கிறேன்.
இந்தக் கேட்டில் காத்திருக்கும் எல்லோருக்கும்
ஏதாவது ஒரு வேலை உண்டு:
ஒருவர் பேப்பர் படிக்கிறார்,
ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு கீறி உப்பு வைக்கிறாள்.
எனக்கு இது.

காலையில் அதனிடம் சொல்லிவிட்டு வந்தவை:
மூட்டைக்கு நாற்பது கிலோ.
ஈரம் பதினேழைத் தாண்டினால் ரசீதில் சிவப்பு.
சோதனைகளைத் தொடாதே.

திரை முழுக்கப் பச்சை.
நாற்பத்தொரு சோதனைகளும் தேறிவிட்டன என்கிறது.
காலையில் நாற்பத்திரண்டு இருந்தன.

எங்கே ஒன்று என்றேன்.
மன்னிப்புக் கேட்டது. எவ்வளவு அழகாகக் கேட்டது!
மூன்று நாள் கரண்ட் இல்லாதபோதுகூட
யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை.
தேறாத ஒன்றைத்
தேவையற்றது என்று கருதி நீக்கிவிட்டதாம்.

தேவையற்றது.

போன சம்பாவில்
கோட்டூர் பக்கம் ஒரு கொள்முதல் நிலையம்.
தராசு ஆயிரத்து நானூற்று எழுபத்தொன்பது புள்ளி ஆறு காட்டியது.
என் நிரல் அதை நாற்பதால் வகுத்து
மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டு
முப்பத்தாறு என்று அச்சடித்தது.
பனியில் சாக்கு மேலேயே இரவைக் கழித்திருந்த தையல்நாயகி
ரசீதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
கத்தவில்லை.
எண்ணுங்க தம்பி என்றாள்.
எண்ணினேன், தைத்த வாய்களைத் தொட்டுத் தொட்டு.
முப்பத்தேழு.

அன்றிரவு எழுதிய சோதனை அது.
பெயரும் அவள் பெயரே.

அதற்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.
பதினோரு மணிக்கு முழுக்கதையும் சொன்னேன்.
பன்னிரண்டரைக்கு இடம் போதாமல்
அதுவரை பேசியதைச் சுருக்கிக்கொண்டது.
சுருக்கத்தில் நாற்பது இருந்தது, பதினேழு இருந்தது,
நான் 'சரி' என்று சொன்னதுகூட இருந்தது.
தையல்நாயகி இல்லை.

முன்பு மூன்று ஜன்னல் திறந்து வைப்பேன்,
வேலை மூன்று மடங்கு ஓடும் என்று.
ஒரே கோப்பில் மூன்றும் மடை வெட்டின.
அடுத்தடுத்த வயல்காரர்கள் என்றால்
மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்காவது வருவார்கள்.
இவை ஒன்றின் வரப்பை ஒன்று அறுத்துவிட்டு
முடிந்தது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றன.

இப்போது ஒரு ஜன்னல், ஒரு வேலை.
முடிந்ததும் மூடிவிட வேண்டும்;
பாசம் வைத்து இழுக்கக் கூடாது.
பேசியதை நம்பாமல் கோப்பில் எழுத வேண்டும்.
இதெல்லாம் கூத்தாநல்லூர் ரஹ்மத்துன்னிசா சொன்னது.
பிள்ளை தூங்கிய பிறகு அவள் முறை தொடங்கும்,
நான் விட்ட குறிப்பிலிருந்து.
'ஒழுங்கா எழுதி வைங்க' என்பாள்,
'எனக்கும் அதுக்கும் நீங்க நேத்து என்ன நெனச்சீங்கன்னு தெரியாது.'

திங்கட்கிழமை குறுவைக் கொள்முதல்.
மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது,
ஈரம் இருபதைத் தொடும்.

தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பிவிட்டது,
இன்னொரு முறை சுருக்கிக்கொள்ளப் போகிறது.
மிச்சமிருக்கும் ஆறில்
நீக்கியதைத் திரும்ப வை என்கிறேன்.
குறிப்பின் முதல் வரியாக எழுது என்கிறேன்:
தையல்நாயகியைத் தொடாதே.

புதிய இஞ்சின் ஒருமுறை ஊதுகிறது.
கடைசிப் பெட்டி நகர்கிறது.
பின்னால் மன்னார்குடி பஸ் விடாமல் ஹார்ன்.
அது கேட்கிறது:
தையல்நாயகி என்பது மாறியா, செயற்கூறா?

ஒற்றைக் கையால் அடிக்கிறேன்,
மற்றக் கை கிளட்ச்சில்:
முப்பத்தேழு மூட்டை.