மேலே வரும் வேகம்

முப்பது மீற்றர் ஆழத்தில்
சிவப்பு என்றொரு நிறம் இல்லை.
விரல் வெட்டுப்பட்டால் கசிவது கரும்பச்சை.
அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்,
அட்டை பிடிக்கப் போன காலத்தில்.

அன்று அது மூன்றாவது சிலிண்டர்.
குச்சவெளிக்கு அப்பால், உச்சி வெயில்.
வலைப்பையில் நாற்பத்தேழு அட்டை.
மகளின் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டையும்
பந்தல்காரனின் முற்பணமும்
அதற்குள் நெளிந்துகொண்டிருந்தன.
காற்றுக்குழாய் இறுகியது.
நின்று, நின்று வா என்று
நௌசாத் கைகாட்டியது தெரிந்தது.
நான் நிற்கவில்லை.
வெளிச்சம் மேலே ஒரு தட்டுப்போல் மிதந்தது,
அதை நோக்கித் தக்கையாய்ப் பாய்ந்தேன்.

படகில் ஏறி வெற்றிலை கேட்டேனாம்.
கை நீட்டியபடி இருக்க
இடுப்புக்குக் கீழே யாரோ
ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டு போனார்கள்.

கடற்படை முகாமின் இரும்பறைக்குள்
ஐந்து மணித்தியாலம், பிறகு ஆறு, பிறகு எண்ணவில்லை.
வட்டக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சிங்களப் பொடியன்
விரலை வளையமாக்கிச் சுகமா என்றான்.
கடலடியில் நாங்கள் பேசும் அதே பாஷை.
வளையம் காட்டினேன். பொய்.

மூன்றாம் நாள் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.
முப்பதாம் நாளும்.
ஜெசிந்தா மூத்திரப்பை மாற்றப் பழகினாள்.
சொந்தக்காரர் திராட்சையோடு வந்து
ஆண்டவர் சோதிக்கிறார் என்றனர்.
திராட்சையைச் சாப்பிட்டேன்.
மற்றதை விழுங்க முடியவில்லை.
சோதித்துப் பார்க்கக் கால்களை எடுக்கிற ஆளோடு
எனக்குப் பேச்சில்லை,
அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பு என்றேன்.
திருப்பினாள். ஒரு சொல் சொல்லவில்லை.

பெரிய சனி பின்னேரம் பட்டணத்துக் கோயிலுக்கு
என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்,
வீட்டில் தனியே விடப் பயந்து.
வாசலில் கோட்டை மான் ஒன்று
போன ஞாயிற்றுக் குருத்தோலையை
மென்றுகொண்டு நின்றது. யாரும் விரட்டவில்லை.
உள்ளே செபமாலை தொடங்கியிருந்தார்கள்.
வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது,
சிறுவயதில் பழகிய வாய்.
பாதாளத்தில் இறங்கி...
அங்கே நின்றுவிட்டது.

இறங்கினார்.
எத்தனை பாகம்?
அந்த இருட்டில் தன் காயத்தை
அவரும் பச்சையாகத்தான் கண்டாரா?
வெள்ளி பின்னேரம் போனவர்
சனி முழுக்க வரவில்லை.
தேவகுமாரன், ஒரே உதையில் வந்திருக்கலாம்.
நின்று வந்தார்.
கீழே கிடந்தவர்களைத் தடவித் தேடி,
பேர் சொல்லி, கைபிடித்து,
அவர்களுடைய மூச்சுக்குத் தாங்கும் வேகத்தில்.
மேலே வந்த பிறகும்
துளைகளை அவர் மூடவில்லை.

சுகமாகவில்லை நான். சொல்லிவைக்கிறேன்,
சாட்சிக் கூட்டங்களில் என் பெயரை
யாரும் வாசித்துவிடாதிருக்க.
காலில் எறும்பு ஏறினாலும் கண்ணால்தான் அறிகிறேன்.
ஏன் என்ற கேள்வி
கயிறாய் இன்னும் கீழே தொங்குகிறது.
இடைக்கிடை அதில் ஓர் இழுவை, அவ்வளவுதான்.
அடியில் ஆள் இருக்கிறது என்று
தெரியப்படுத்தும் இழுவை.

இப்போது கொம்பிறசர் கொட்டிலில் இருக்கிறேன்.
காற்று நிரப்புவது என் வேலை.
ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டர்.
மூன்றாவது கேட்கிறவன் கெஞ்சுவான்,
பிறகு கடன் கதை சொல்வான், பிறகு ஏசுவான்.
"நொண்டிக்கு எரிச்சல்" என்றான் ஒரு புதுப் பொடியன்.
சாரத்தை விலக்கினேன்.
குச்சியாய்ப் போன கால்.
தொட்டுப் பார் என்றேன்.
தொட்டான். அன்று அவன் கடலுக்குப் போகவில்லை.
விரலை இங்கே இடு என்றவரை
அப்போதுதான் கொஞ்சம் விளங்கிற்று.

படத்தை எப்போது நேரே மாட்டினாளோ தெரியாது.
நானும் கேட்கவில்லை.
கீழே சின்னதாய் ஒரு பல்ப் எரிகிறது.
உறக்கம் வராத சாமங்களில்
அதைப் பார்த்தபடி கிடப்பேன்.
சிவப்பு.
இவ்வளவு ஆழத்திலிருந்து பார்த்தும்
சிவப்பு.