நான்கு பேர் அல்லது 320 கிலோ

எங்கள் ஊரின் பெயர் ஊச்.
போலந்து மொழியில் படகு என்று பொருள்.
ஆற்றை மூடி மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.
எதற்கு என்று கேட்டால்
நிறுத்திவிடுவார்கள்.

நான் தெக்லா. வயது ஐம்பத்தெட்டு.
அடுக்ககங்களின் லிஃப்டுகளைச் சோதிப்பவள்.
கயிற்றில் அறுந்த இழைகளை எண்ணிப்
படிவத்தில் எழுதுவேன்.

இருபத்து மூன்றில் ஒருவன்
"பார்க்கலாம்" என்றான்.
எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.
அவன் இறங்கிப்போன டிராம் நிறுத்தத்தில்
அடுத்த சனிக்கிழமை போய் நின்றேன்.
மூன்று மணி நேரம் கழித்து மழை வந்தது.
அந்தச் சொல்லுக்குப்
பார்க்க வேண்டாம் என்றும் பொருள் உண்டென்று
முப்பத்தொன்றில் அக்கா சொன்னாள்,
தட்டுகளைத் துடைத்துக்கொண்டே.

பிறகு லிஃப்டுக் கண்ணாடியில்
முகங்கள் செய்து பழகினேன்.
ஆர்வம். அக்கறை. லேசான வருத்தம்.
கதவு திறப்பதற்குள் ஒன்றை மாட்டிக்கொள்வேன்,
பெரும்பாலும் தவறானதை.

ஐம்பத்து நான்கில் மருத்துவர்
ஆட்டிசம் என்றார்.
கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.
எனக்கு அழுகை வரவில்லை.
அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் குட்டை,
அதைச் சொன்னேன்.
வீட்டுக்கு வந்து மூன்று நாள் தூங்கினேன்.

சிப்ரியன் ஆறாம் மாடி.
டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஏழு வருடம்.
நான் லிஃப்டை நிறுத்திவைத்திருந்தேன்,
அவர் கையில் உருளைக்கிழங்குப் பை.
"கயிறு அறுந்தால் விழுந்துவிடுமா?"
எல்லோரும் கேட்பதுதான்,
பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.
விழாது என்றேன்.
அடியில் இரும்புத் தாடைகள் இருக்கின்றன,
வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் என்றேன்.
தாடைகளைப் பற்றி, சக்கரங்களைப் பற்றி
நாற்பது நிமிடம் சொன்னேன்.
அவர் பையைக் கீழே வைத்தார்.
கடைசியில்
"எதிர்ப்பாரம் எத்தனை கிலோ?" என்றார்.

இதுவரை யாரும் என்னிடம்
இவ்வளவு அந்தரங்கமாக எதையும் கேட்டதில்லை.

எங்கள் மொழியில் 'நீங்கள்' என்பது
'நீ' ஆவதற்கு அனுமதி கேட்க வேண்டும்,
கை குலுக்க வேண்டும்.
மற்ற எதற்கும் இப்படியொரு விதி இல்லாமல்தான்
பாதி வாழ்க்கை தவறிப்போனேன்.
மார்ச் ஒன்பது, மாலை ஐந்து இருபது:
நீ.

முத்தத்துக்கு முன் பட்டியல் கொடுத்தேன்.
மெல்லத் தொடாதே. மெல்லத் தொட்டால் எரிகிறது.
இறகு, பூ, தென்றல்
ஒன்றும் வேண்டாம்.
மூட்டை தூக்குகிறவன் மாதிரிப் பிடி.
பிடித்தாய்.
எனக்குத் தோள் இருக்கும் இடம்
அன்றுதான் தெரிந்தது.

உன் பெயர்நாளுக்குப் பதினோரு பேர்,
அவர்களில் ஒருவரிடம் அக்கார்டியன்.
எல்லாக் கரண்டிகளும் ஒரே நேரத்தில் பேசின.
கூரை மேலிருக்கும் இயந்திர அறைக்கு ஓடினேன்,
அதன் சாவி என்னிடம் உண்டு.
மோட்டாருக்கு ஒரே சுருதி.
நீ வெளியே படியில் உட்கார்ந்து
கதவுக்கடியில் காகிதம் தள்ளினாய்:
பேசவா
போகவா
இருக்கவா
மூன்றாவதற்குக் கீழே கோடிட்டுத் திருப்பினேன்.
கீழே உன் தங்கை
நீ இல்லாமலே கேக்கை வெட்டிவிட்டாள்.
இன்னும் அவள் என்னோடு பேசுவதில்லை.
ஏன் என்று எனக்குப் புரிகிறது,
அதுதான் புதிது.

இளமையிலேயே சந்தித்திருந்தால், என்று
யாராவது தொடங்கினால் கோபம் வருகிறது.
இளமையில் என்னிடம்
பட்டியல் இல்லை.

இரண்டு வீடுகள். வியாழன், ஞாயிறு.
போன ஞாயிறு ஜன்னலோரம்
நெடுநேரம் பேசாமல் நின்றாய்.
அங்கே பழைய பஞ்சாலையின் புகைபோக்கி தவிர ஒன்றுமில்லை.
கேட்டேன்:
இப்போது உன் முகத்தில் இருப்பது என்ன?
யோசித்தாய். நேர்மையாக யோசித்தாய்.

"பசி."

நானாகப் படித்திருந்தால்
துயரம் என்று படிவத்தில் எழுதியிருப்பேன்.