மற்றவை

"உள்ளுக்கு என்னமாச்சும் ஈக்கா?"
ரிஸ்மி கேட்டான்.
பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடி,
ஏசி தண்ணீர் வாளிக்குள் சொட்டும் கடை.
ஒண்டுமில்லை, வித்துத் தந்தால் போதும் என்றேன்.

அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.
நீளமாய் ஒரு பட்டை.
நீலம் படங்கள்.
மஞ்சள் ஆவணங்கள், மயிரிழை போல.
மிச்சம் முழுக்கச் சாம்பல்.
மற்றவை என்று போட்டிருந்தது,
அறுபத்தொரு ஜீபீ.
குடிசன மதிப்புப் படிவத்திலும்
கடைசிப் பெட்டிக்கு அதுதான் பெயர்.

மஞ்சளைத்தான் முதலில் திறந்தான்.
ஸ்கான் பண்ணிய பொலிஸ் பதிவுத் துண்டு:
வீட்டில் ஐந்து பேர்,
கொழும்பில் தங்கி நிற்கும் காரணம்.
கனடா மாட்டேன் என்ற கடிதம்,
ஏனோ இரண்டு பிரதி.
பாமினியில் அடித்த மடல் ஒன்று.
எழுத்துரு இல்லாத மெஷினில்
அம்மா என்ற சொல்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச்
சிதறிக் கிடந்தது.
"ஃபைல் பழுதில்ல தாத்தா,
எழுத்துத்தான் இல்ல."

பிறகு சாம்பல்.
நான் சேமிக்காதவை எல்லாம் அங்கே இருந்தன.
எப்போதோ அழித்த படத்தின்
நகமளவு நகல்:
காலிமுகத்திடல், கையில் இறால் வடை,
பக்கத்தில் சுதர்மன், பாதி முகம்.
முகவரி என்ற கட்டத்தில் ஓர் எழுத்துத் தட்டினால்
இரத்மலானை, ஹம்டன் லேன்,
தெகிவளையில் மூன்று மாதம் இருந்த அறை
என்று வரிசையில் வந்து நின்றன,
வாடகை முற்பணம் கேட்காமல்.
கரண்ட் போன இரவு
பாதியில் விட்ட ராஜினாமாக் கடிதம்,
தானாகவே மீட்கப்பட்டிருந்தது.
அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

அகராதி என்றொரு கோப்பு,
ஒரு கேபீகூட இல்லை.
உள்ளே ஒரே ஒரு சொல்,
தர்ஷாயினி.
பிழை பிழை என்று
சிவப்பில் நெளிகோடு போட்டுக்கொண்டே இருந்த பெயரை
ஒருநாள் கோபத்தில்
நானே சேர்த்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம், எல்லாம் அழிச்சித் தாறன்."
அஞ்சு நிமிஷத்தில் எப்படி?
"பொருளடக்கத்த மட்டும் கிழிக்கிற.
பக்கமெல்லாம் அப்பிடியே ஈக்கும்,
மேல வேற ஆள் எழுதும் மட்டும்."

வாளி நிரம்பியிருந்தது.
அவன் அதை ஊற்றிவிட்டு வரும்வரை நின்றேன்.
டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொன்னேன்.
முகத்தைச் சுளித்து
நாலாயிரம் குறைத்தான்.

காலி வீதியில் மழை.
நூறாம் நம்பர் பஸ்ஸில்
சாப்பாட்டுப் பையின் மேல் கை வைத்திருந்தேன்.
சில்வர் பெட்டி குளிர்ந்திருந்தது.
பக்கத்தில் அது
இன்னும் கொஞ்சம் சூடாய்.