நாற்பது மில்லிமீற்றர்

ஐப்பசியில் முதல் மழை விழ முன்னம்
மல்லாவிச் சந்திக்குப் பின்னால்
என் கராஜ் கொட்டிலில் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டாள் தவமலர்.
"தூக்கி விடுங்கோ."
"எவ்வளவு?"
இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள்,
பிடித்த மீனின் நீளம் சொல்பவள் மாதிரி.

கண்ணிவெடி அகற்றின கொம்பனி ஏலத்தில் விட்ட வண்டி.
கதவில் மண்டையோட்டைச் சுரண்டிய இடம்
மற்ற வெள்ளையைவிட வெள்ளை.
பின்னிருக்கை இல்லை. ஆறு பால் கான்,
ஒரு வடிதுணி, ஒரு மண்வெட்டி.
பாலியாற்றுக்கு அங்கால் மாட்டுப் பட்டிகள்.
விடிய நாலுக்குக் கறந்தது
எட்டுக்குள் குளிரூட்டும் நிலையத்துக்கு வரவேணும்.
ஒன்பதென்றால்
அது அவளுடைய பால்.

பாதையைக் கெடுக்கிறது மழை அல்ல, உழவு மெசின்.
பெரிய சில்லு இரண்டும் முழங்காலளவு தோண்டிப் போக
நடுவில் ஒரு வரம்பு மிஞ்சும்.
அதில் போய்க் குந்தும் ஜீப்,
அடைக்கோழி மாதிரி.
நாலு சில்லும் காற்றையும் சேற்றையும் கடையும்.

அளந்து பார்த்தேன்.
வலது பக்கம் பதினொரு மில்லிமீற்றர் தாழ்வு.
"என்ர பக்கம்" என்றாள். சிரிக்கவில்லை.

மாங்குளத்தில் செபரட்ணத்தின் கடைச்சல் பட்டறை.
வெள்ளை நைலோன் கட்டையில்
நாற்பது மில்லிமீற்றரில் நாலு வளையம்,
வலதுக்கு மட்டும் கூடுதலாய் மெல்லிய தட்டு இரண்டு.
தட்டுக்குக் காசு வாங்கவில்லை.
சுருண்டு விழுந்த சீவலை அவன் மகள் அள்ளிப் போனாள்
பொம்மைக்குத் தலைமயிர் வைக்க.

சொக்கப்சோபரின் கீழ் ஆணியைக் கழற்ற
அச்சுத் தொங்கியது, சுருள் கையோடு வந்தது.
வளையத்தை மேலே செருகித் திரும்பவும் இருத்தினேன்.
பிறேக் ஓஸ் கொடிக்கயிறாய் இழுபட
அதன் தாங்கியை வளைத்து இறக்கினேன்.
குறுக்குத் தடி எட்டாமல் அச்சை ஒரு பக்கம் இழுக்க
பின்னால் நின்று பார்த்தால் நண்டு.
அதற்கு ஒரு பகல் போனது.
பின்பக்கம் முதலில் செய்தேன், பிறகு முன்பக்கம்.
மாடு எழும்புகிற ஒழுங்கில்
எழும்பி நின்றது ஜீப்.

அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான்
சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
வளையம் தூக்குவது உடம்பைத்தான்.
அச்சு நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும்.
அதன் நடுவில் தொங்குகிற டிஃப், அந்தப் பூசணிக்காய்,
ஒரு மயிரிழை உயரவில்லை.
அதை உயர்த்தப் பெரிய ரயர் வேணும்.
இன்னொன்று, மேலே ஏறினதைக் கீழே விட்டிருக்கிறம்,
பள்ளத்தில் சில்லு முந்திமாதிரி எட்டி இறங்காது.

"ரயர் என்ன விலை?"
சொன்னேன்.
கான்களை ஒருதரம் பார்த்தாள், எண்ணுகிறாளோ தெரியாது.
"தைக்குப் பிறகு பாப்பம்.
அப்ப இப்ப என்ன செய்து தந்தனீங்கள்?"
"இடம்."
மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில் கையை விட்டாள்.
முந்தி நாலு விரல் மட்டும் போகும்.
இப்போது மணிக்கட்டு வரை போனது.
பாதிக் காசு தந்துவிட்டு ஏறினாள்.
ஏறுவதற்கே ஒரு துள்ளல் தேவைப்பட்டது.

கார்த்திகை அடைமழை பதினொரு நாள்.
ஒன்பது நாள் அவள் ஜீப்
என் கொட்டிலைப் பாராமல் எட்டுக்கு முன்னம் போனது.
அடியில் உடம்பு தட்டவில்லையாம்,
பூசணிக்காய் மட்டும் வரம்பை உழுதுகொண்டே வருமாம்,
ஆனால் வருமாம்.
மற்ற இரண்டு நாளும்
ஒன்பதரைக்கு வந்து ஒரு கானை இறக்கினாள்.
"உங்கட நாற்பது மில்லிமீற்றருக்கு."
உறை குத்தி வைத்தேன்.
சந்தியில் சைக்கிள் கடைக்காரன் வரைக்கும்
வேண்டாமென்று சொல்லும்வரை தயிர்.

தை போய் மாசியும் வந்தாச்சு.
ரயர் இன்னும் வாங்கவில்லை.
கை போன அந்த இடத்தில்
பாலியாற்று மண்
கொஞ்சங் கொஞ்சமாய் அப்பிக்கொண்டு வருகிறது.