பக்கம் 212

சோம்பா. மழைக்கு முந்தைய வியாழன்.
மேசைமேல் "விசாரணை" என்ற பலகை
ஓர் ஆணி கழன்று சாய்ந்திருக்கிறது.
எட்னெஸ் லிகோங்வே அதை நிமிர்த்துவதில்லை,
நிமிர்த்தினால் விழுகிறது.

வைசன் நமலோம்பா வருகிறான்
ஒற்றை வாக்கியத்தோடு:
ஏரி வற்றி நிறைந்தபின்
மீன் பழையபடி திரும்ப முப்பத்தொன்பது மாதம்.
அடிக்குறிப்பு: மெரிடன், 1969, பக்கம் 212.
தேர்வாளர் அந்தப் பக்கத்தின் நகல் கேட்கிறார்.
திங்களன்று ஆய்வேடு போயாக வேண்டும்.
"ஐந்து நிமிட வேலைதான் மேடம்."

இருநூற்றுப் பன்னிரண்டை நீ பார்த்தாயா, என்கிறாள்.
அவன் மின்விசிறியைப் பார்க்கிறான்.

அவன் எடுத்தது 2014-இன் முனைவர் ஏட்டிலிருந்து.
அந்த ஏட்டுக்கு 2003-இன் கட்டுரை.
கட்டுரைக்கு 1988-இன் மீன்வளத் துறை அறிக்கை.
நாற்பத்தொரு பேர் கைமாற்றிய பாத்திரம்,
மூடியை எவரும் திறக்கவில்லை.
தேடுபொறியோ நாற்பத்தொன்றையும்
ஒரு நொடியில் அடுக்கிவிட்டு
சாட்சிகளைக் கூட்டி வந்தவன் போல நிற்கிறது.

நான்கு மணிக்கு மின்சாரம் போகிறது.
கைப்பேசியில், சொந்தக் காசில் வாங்கிய
முந்நூறு எம்.பி. இருக்கிறது.
ஹராரேவுக்கு ஒன்று, மக்காண்டாவுக்கு ஒன்று,
எடின்பரோவுக்கு ஒன்று எழுதுகிறாள்:
தொகுதி ஏழு. ஒரே ஒரு பக்கம். அவசரம்.
மூவரின் முகமும் அவளுக்குத் தெரியாது.
பெயருக்குப் பின்னால் "நூலகர்" என்றிருந்தால்
அவளுக்கு அது போதும்.

ஹராரே: எங்களிடம் எட்டாம் தொகுதியிலிருந்துதான்.
எடின்பரோ: விடுமுறையில் இருக்கிறேன்.
சனி இரவு மக்காண்டாவின் நொம்புலேலோ
ஒரு படம் அனுப்புகிறாள்.
தொகுதி ஏழின் கடைசித் தாள்,
ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல்,
கீழே எண்:
188.
அதன்பின் அட்டை.

"அப்படியானால் இல்லையா?"
எட்னெஸ் இந்தச் சொல்லில் கஞ்சம்.
"கிடைக்கவில்லை" என்பதுதான் அவள் வழக்கம்.
இருபத்திரண்டு வருடத்தில்
"இல்லை" என்று சொன்னது நான்கு தடவை,
அதிலும் ஒன்று தப்பு.
அந்தப் புத்தகம் சட்டநூல் அடுக்கில்
தாவரவியல் முதுகோடு ஒளிந்திருந்தது.
கேட்ட பெண் அதற்குள் படிப்பை மாற்றிக்கொண்டாள்.

இன்று சொல்கிறாள்:
இல்லை.

ஞாயிறு. பூட்டிய கட்டடம்.
காவலர் ம்போடா சாவியோடு
தன் வேர்க்கடலையிலும் பாதி தருகிறார்.
நிலவறையில், கரையான் தொட்டும் தொடாமலும் விட்ட
1988 அறிக்கையில்
ஆறாம் அடிக்குறிப்பு மெரிடன்: மழை அளவு பற்றி மட்டும்.
ஏழாம் அடிக்குறிப்பு:
"கச்சுலு துறையில் ஒரு மீனவர் சொன்னது.
மூன்று மழை போனால் மதெம்பா பழையபடி வரும்."

ஆறும் ஏழும் எந்தக் கையிலோ ஒட்டிக்கொண்டன.
மூன்று மழையை யாரோ மாதங்களாக்கினார்கள்.
212 எங்கிருந்து வந்ததென்று மட்டும்
இன்றுவரை தெரியாது.

வைசன் சிரிக்கவில்லை.
"மூன்று மழை. எங்கள் கரையில்
சின்னப் பிள்ளைக்கும் தெரியும் மேடம்.
நான் சொன்னால் செல்லாது என்றுதான்
மூலம் தேடினேன்."

கேட்பதற்கும் காதில் வாங்குவதற்கும்
என் மொழியில் ஒரே சொல், கேள்வி.
சிச்சேவாவில் எப்படியோ, நான் விசாரிக்கவில்லை.
எட்னெஸ் கையேட்டைப் புரட்டுகிறாள்.
ஆசிரியர்: தெரியாது. ஆண்டு: 1988-க்கு முன்.
வடிவம்? வாய்.
பக்கம் என்ற இடத்தில்
ஒரு சிறு கோடு போடச் சொல்கிறாள்.
முப்பத்தொன்பதை அவன் அடிக்கிறான்,
இரண்டு முறை, அழுத்தி.

திங்கள். மாதாந்திரப் படிவம்.
உதவி பெற்ற ஆய்வாளர்: 1.
செலவான நிமிடங்கள்: இரண்டு இலக்கத்துக்கே கட்டம்.
99 என்று எழுதுகிறாள்.
கேட்ட ஆவணம் வழங்கப்பட்டதா: ஆம் / இல்லை.

பேனாவை மூடாமல்
அந்தக் கட்டத்தில் நிற்கிறாள்.
வரிசையில் அடுத்த பையன்
செருமுகிறான்.