யூனிட்

கொருக்குப்பேட்டை கேட் மூடியாச்சு.
சைக்கிளில் ஒரு காலை ஊன்றி
பிபின் மாஜி கணக்குப் போடுகிறான்,
சத்தமாக, பாதி ஒடியாவில்.

எட்டுப் பேர் அறையில் அவன் பங்கு எழுநூறு.
சுகந்தியும் குழந்தையும் வந்தால்
தனி ரூம். அட்வான்ஸ் முப்பதாயிரம்.
கேன் தண்ணி, கேஸ்,
காசிமேட்டில் சாயங்காலம் விலை இறங்கிய நெத்திலி.
வேண்டாம், நெத்திலியைக்
காற்றிலேயே கோடு போட்டு அடிக்கிறான்.
சம்பளம் அங்கே வாங்கியதைப்போல் ரெண்டு மடங்கு;
மிச்சம் மட்டும் அதே பழைய தொகை.

"கரண்டு யூனிட் ஒம்பது ரூபா சொல்றார் ஓனர்.
ஒனக்கும் அதே தானே அண்ணா?"

ஒரே காம்பவுண்டு. ஒரே மெயின் மீட்டர்.
எனக்கு ஏழு.

நல்லவேளை,
சரக்கு ரயில்
நீளமாக, பெருஞ்சத்தமாகப்
போய்க்கொண்டிருந்தது.